நோயாளி உள்ள வீட்டில் மணி பிளாண்ட்

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் மருந்துச் சீட்டோடு தொடர்பில்லாத ஒன்று உண்டு: அறையில் மணி பிளாண்ட் வைக்கலாமா? காற்றைத் தூய்மையாக்கும் என்று ஒரு சாரார் அதனை வாங்கி வைக்கின்றனர். இரவில் கரியமில வாயுவை வெளியிடும் என்று அஞ்சி மற்றொரு சாரார் வெளியே எடுத்து வைக்கின்றனர். இவ்விரண்டையும் விட முக்கியமான கேள்வி ஒன்று எங்களுக்கு இருக்கிறது: உங்கள் வீட்டுச் செடி மண்ணில் நிற்கிறதா, பாட்டில் நீரில் நிற்கிறதா?

முதலில் இரவு அச்சத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு தொட்டிச் செடி இரவில் வெளியிடும் கரியமில வாயு, அதே அறையில் துணைக்குப் படுத்திருப்பவரின் மூச்சில் வெளிப்படுவதோடு ஒப்பிட மிகச் சொற்பம். துணைக்கு இருப்பவரை வெளியேற்றாத நாம் செடியை மட்டும் வெளியேற்ற வேண்டியதில்லை.

காற்றைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் நாசா நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கையில், முற்றிலும் மூடிய சிறு கூண்டுகளுக்குள் வைக்கப்பட்ட சில செடிகள் காற்றில் கலந்திருந்த வேதிப்பொருள்களைக் குறைத்தன என்று பதிவாயிற்று. மணி பிளாண்டும் அவற்றுள் ஒன்று. ஆனால் நம் வீடுகள் மூடிய கூண்டுகள் அல்ல. இத்தகைய சோதனைகளைத் தொகுத்து 2019இல் வெளியான மறுஆய்வு ஒன்று, சன்னல் வழியே இயல்பாக வந்து போகும் காற்றுக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகள் முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்குச் சன்னலைத் திறந்து வைப்பதும், புகையைத் தவிர்ப்பதுமே பயன் தரும்.

புகை என்றவுடன் பாட்டிலுக்கு வருகிறோம். காற்று நல்லதாகட்டும் என்று நோயாளியின் தலைமாட்டில் ஒரு பாட்டில் நீரில் கொடியை வைக்கிறோம். அந்நீரில் கொசு பெருகுகிறது. கொசுவை விரட்டக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்துகிறோம். சுருளின் புகையால் நோயாளிக்கு இளைப்பு கூடுகிறது. நல்லெண்ணத்தில் தொடங்கிய செயல் இப்படி முடிவதுண்டு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. வீட்டிற்குள் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மணி பிளாண்ட் பாட்டில் ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள். நம் ஊர் வெப்பத்தில் முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை நீரை மாற்றினால் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி வேலைதான். இக்கொசு தன் முட்டைகளை நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. அவை ஈரமின்றிப் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். மீண்டும் நீர் பட்டவுடன் பொரிந்துவிடும். எனவே நீரைக் கொட்டியபின் உட்சுவரைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்; வேர்களையும் ஓடும் நீரில் அலச வேண்டும். புழு நெளியும் நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். பாட்டிலில்தான் வைப்போம் என்பவர்கள் தண்டைச் சுற்றிப் பாட்டிலின் வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிடலாம்.

மூலக்குளம் முதல் வில்லியனூர், பாகூர் வரை ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஏடிஸ் பகலில் கடிப்பது. பகலில் படுத்திருக்கும் நோயாளியே அதற்கு எளிதில் அகப்படுகிறார். புற்றுநோய் மருந்தினால் இரத்தத் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு டெங்குவும் சேர்ந்தால் நிலைமை கடுமையாகிவிடும். காய்ச்சல் வந்தால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர்கள் அதனைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். அன்றே மருத்துவரைக் காணுங்கள். வீட்டில் ஒருவருக்கு டெங்கு இருப்பின் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கும் கொசுதான் சில நாட்களில் மற்றவர்க்கும் நோயைக் கொண்டுசெல்லும்.

இத்தனைக்கும் எளிய மாற்று, செடியை மண்ணுக்கு மாற்றுவதே. பசிபிக் தீவொன்றைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, மரநிழலில் வளர்ந்து பழகியது. திருடி வந்து வைத்தால்தான் தழைக்கும் என்பார்கள். கேட்டு வாங்கி வைத்தாலும் தழைக்கும். கணு ஒன்றேனும் உள்ள தண்டுத் துண்டை, அடியில் துளையுள்ள தொட்டியில், செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நடுங்கள். நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள சன்னலோரம் போதும். இதனை அழிப்பது பெரும்பாலும் வறட்சியன்று, நம் பாசம்தான். நாள்தோறும் நீர் ஊற்றினால் வேர் அழுகி இலைகள் மஞ்சளாகும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவிட்டால் பாட்டிலை விட்டொழித்த பயன் போய்விடும். இலைகளில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், கீமோதெரபி பெறுவோர், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வோர் ஆகியோர் மண்ணைக் கிளறுவதும் தொட்டி மாற்றுவதும் பாட்டில் நீரைக் கொட்டுவதும் கூடாது. மண்ணிலும் அழுகும் இலைகளிலும் வாழும் பூஞ்சைகளின் நுண்விதைகளைச் சுவாசிப்பதும், தேங்கிய நீரிலுள்ள நுண்ணுயிரிகள் புண்ணில் படுவதும் அவர்களுக்கு ஆபத்தானவை. செடியைப் பார்த்து மகிழட்டும்; வேலையை வீட்டிலுள்ள மற்றவர் செய்யட்டும். வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும் நாட்களில் படுக்கையறையில் செடியே வேண்டாம். மற்ற நோயாளிகளுக்குத் தொட்டிச் செடியைப் பேணுவது நல்ல பொழுதுபோக்கு. வேலை முடிந்தபின் சோப்பினால் கை கழுவினால் போதும்.

இன்னொன்று. மணி பிளாண்ட், சேனையும் சேம்பும் சேர்ந்த குடும்பத்தது. பக்குவமின்றிச் சமைத்த சேனை நாவை அரிக்கக் காரணமான ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இதன் இலையிலும் தண்டிலும் உள்ளன. தவழும் குழந்தை மெல்லக்கூடும். இலை வெற்றிலையை ஒத்திருப்பதால், தாம்பூலம் தரித்துப் பழகி இப்போது நினைவு மங்கியிருக்கும் முதியவரும் கிள்ளி வாயிலிடக்கூடும். எட்டாத உயரத்தில் வைத்து, தொங்கும் கொடியை அவ்வப்போது நறுக்கிவிடுங்கள். யாரேனும் மென்றுவிட்டால் வாயைத் துடைத்து, கொப்பளிக்கச் செய்து, குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள்; வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். சாறு கண்ணில் பட்டால் 15 நிமிடங்கள் நல்ல நீரால் கழுவுங்கள். உதடோ நாக்கோ வீங்கினாலும், எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலும், மூச்சு திணறினாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது அந்த இலை ஒன்றையும் கையோடு கொண்டுவாருங்கள்.