சங்கு ஊதாத காலை: ஆலைக் கம்பிகள் பற்றி ஒரு பாடம்

ஏலப்பாறைப் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஃபேக்டரிச் சங்கு மறக்காது. விடியற்காலையில் சங்கு ஊதினால் பிரட்டுக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் சங்கு ஊதவில்லை. இன்று வேலை இல்லையா, அல்லது சங்குதான் பழுதா? வீட்டுக்குள் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சந்தேகத்திலிருந்துதான் நமது பாடம் தொடங்குகிறது.

இடுக்கி மாவட்டம் பீருமேடு வட்டத்தில் உள்ளது ஏலப்பாறை. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை சரிந்து, அந்த வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்து, வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் உள்ள ஆலைகளுக்குப் போனார்கள். நம் சங்கக் குடும்பங்களிலும் 'இன்ஸ்ட்ருமெண்ட்' வேலை பார்ப்பவர்கள் உண்டு. "அப்பா ஆலையில் என்ன செய்கிறார்?" என்று பிள்ளைகள் கேட்டால், இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள்.

ஆலையின் நரம்பு

தேயிலை ஃபேக்டரியையே எடுத்துக்கொள்வோம். கொழுந்தை வாட்டி, அரைத்து, நொதிக்க வைத்து, கடைசியில் உலர்த்துகிறார்கள். உலர்த்தும் இயந்திரத்துக்குள் சுமார் 100 டிகிரி வெப்பக் காற்று போகும். தூளில் ஈரம் 3 சதவீதம் அளவுக்குக் குறைய வேண்டும். சூடு குறைந்தால் தூள் பூஞ்சை பிடிக்கும், கூடினால் கருகும். எனவே உள்ளே இருக்கும் வெப்ப உணரி, எத்தனை டிகிரி என்பதைக் கம்பி வழியாகக் கட்டுப்பாட்டறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏலப்பாறைக்கு அந்தப் பக்கம் மூலமட்டத்தில், மலையைக் குடைந்து அமைத்த 780 மெகாவாட் இடுக்கி மின்நிலையம் 1976இல் தொடங்கியது. அங்கேயும் நீரழுத்தம், தாங்கிகளின் சூடு எல்லாவற்றையும் கண்காணிப்பறைக்குச் சொல்வது கம்பிதான்.

உடம்புக்கு நரம்பு எப்படியோ, ஆலைக்கு இந்தக் கம்பி அப்படி. கை சுட்டதை நரம்பு சொல்லாவிட்டால், கை வெந்துபோன பிறகுதான் தெரியும்.

எலி கடித்த கம்பி

நான் பயிற்சிக்குப் போயிருந்த ஓர் ஆலையில் விறகு எரித்து உலர்த்துவார்கள். சூட்டைக் காட்டும் மீட்டர் பழைய வகை. சூடு இல்லையென்றால் முள் பூஜ்யத்தில் நிற்கும். ஓர் இரவு முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. அடுப்பு அணைந்துவிட்டது என்று எண்ணிப் புதிதாக வந்த பையன் விறகை அள்ளிப் போட்டான். உண்மையில் எலி கம்பியைக் கடித்திருந்தது. கருகல் வாடையை மூக்கால் பிடித்து, ஓடி வந்து விறகை வெளியே இழுத்தவர் ஒரு மூத்த தொழிலாளி. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தீப்பற்றியிருக்கும்.

பையனிடம் குற்றம் இல்லை. "சூடு இல்லை" என்பதையும் "கம்பி அறுந்தது" என்பதையும் அந்த மீட்டர் ஒரே மாதிரி காட்டியது. சங்கு ஊதாத காலையும் இதுவும் ஒன்றே.

நான்கில் தொடங்கும் கணக்கு

இந்தக் குழப்பத்தை ஒரு எளிய ஏற்பாடு தீர்த்துவிட்டது. உணரியிலிருந்து வரும் செய்தியை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையுள்ள மின்னோட்டமாக அனுப்புகிறார்கள். அளவு மிகக் குறைவாக இருந்தாலும் 4 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். மிக அதிகமானால் 20. கம்பி அறுந்தால் ஓட்டம் சுத்தமாக நின்று 0 ஆகும். 0 வந்தால் "கம்பியைப் பார்" என்று பொருள். உடனே எச்சரிக்கை மணி அடிக்கும்.

உலர்த்தியின் அளவு 0 முதல் 200 டிகிரி என்றால்:

4 மி.ஆ. = 0 டிகிரி
8 மி.ஆ. = 50 டிகிரி
12 மி.ஆ. = 100 டிகிரி
20 மி.ஆ. = 200 டிகிரி
0 மி.ஆ. = கம்பியில் பழுது

இன்னும் இரண்டு நன்மைகள் உண்டு. மின்னழுத்தமாக அனுப்பினால் நீண்ட கம்பியின் தடையால் வழியில் கொஞ்சம் குறையும். மின்னோட்டமோ ஒரே சுற்றில் எங்கு அளந்தாலும் ஒன்றாகவே இருக்கும். மேலும், அந்த 4 மில்லி ஆம்பியரைக் கொண்டே சிறு கருவிகள் இயங்கிவிடும். வேறு கம்பி இழுக்க வேண்டாம்.

இரைச்சலை விலக்குதல்

மோட்டார் கம்பிக்குப் பக்கத்தில் செய்திக் கம்பியைப் போட்டால், மோட்டாரின் இரைச்சல் அதில் புகுந்துவிடும். இதைத் தடுக்க மூன்று வழிகள்:

1. இரண்டு கம்பிகளையும் சடை பின்னுவதுபோல் முறுக்குதல். இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தொலைபேசி தந்த கிரகாம் பெல் இதற்கு 1881இல் காப்புரிமை பெற்றார்.
2. மேலே உலோகத் தாளால் கவசம் இடுதல். கவசத்தைப் பொதுவாக ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும். இரு முனையிலும் செய்தால் கவசத்திலேயே மின்னோட்டம் ஓடிப் புது இரைச்சல் வரும்.
3. மோட்டார் கம்பிக்கும் செய்திக் கம்பிக்கும் தனித்தனிப் பாதை அமைத்தல்.

உயிர் காக்கும் பொத்தான்

இலை அரைக்கும் உருளையில் கை சிக்கினால் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்துகிறோம். அதன் கம்பியில் எப்போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் ஓட்டம் அறுந்து இயந்திரம் நிற்கும். எலி கடித்தாலும் அப்படியே நிற்கும். இதைத் தலைகீழாக அமைத்தால், அறுந்த கம்பி யாருக்கும் தெரியாமல் கிடக்கும். கை சிக்கும் நாளில்தான் தெரியவரும். இயந்திரம் வீணாக நிற்கிறது என்று இந்தக் கம்பியைச் சிலர் குறுக்கே இணைத்துவிடுவார்கள். அது ஒருவருடைய விரலைப் பணயம் வைக்கும் செயல்.

புதிய கம்பிகள்

இப்போது ஒரே கம்பியில் பல கருவிகள் பேசுகின்றன. 1983இல் வந்த ஆர்.எஸ். 485 முறையில், ஒரு ஜோடிக் கம்பியில் 32 கருவிகளை இணைத்து 1,200 மீட்டர் வரை செய்தி அனுப்பலாம். கணினி ஒவ்வொரு கருவியையும் எண் சொல்லிக் கூப்பிடும். பிரட்டில் பெயர் கூப்பிடுவதுபோலத்தான். பதில் வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதாமல், "ஆள் இல்லை" என்று குறித்துக்கொள்ள வேண்டும். விதி மாறவே இல்லை. ஐப்பசி இடி மின்னல் பொல்லாத மலைப் பகுதிகளில், கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழைக் கம்பி போடுவது நல்லது. ஒளி செல்லும் கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

பிள்ளைகளுக்குக் கேள்விகள்

1. மேலே சொன்ன உலர்த்தியில் 16 மில்லி ஆம்பியர் என்றால் எத்தனை டிகிரி?
2. 110 டிகிரிக்கு எத்தனை மில்லி ஆம்பியர்?
3. 2 மில்லி ஆம்பியர் காட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1) 150 டிகிரி. 2) 12.8 மில்லி ஆம்பியர். 3) விறகை அள்ளிப் போடாமல், முதலில் கம்பியையும் கருவியையும் சோதிப்போம்.

பாடத்தின் சாரம் இதுதான்: மௌனத்தைப் பூஜ்யம் என்று எண்ணக் கூடாது. வேலைக்குப் போயிருக்கும் பிள்ளையிடமிருந்து தகவல் இல்லையென்றால் "நன்றாகத்தான் இருப்பான்" என்று நாம் இருந்துவிடுகிறோமா? போன் செய்து கேட்கிறோம் அல்லவா? ஆலைக் கம்பியிடமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.