கோழிக்கு முன் கூடு

தகடூர் எனப் பண்டைக் காலத்தில் வழங்கப்பெற்ற தருமபுரி, 1965ஆம் ஆண்டில் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் பெரும்பகுதி வானம் பார்த்த நிலம். கேழ்வரகும் சாமையும் கொள்ளும் நிலக்கடலையும் மழையை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில் நிலம் கைவிடினும், புறக்கடையில் மேயும் நாலைந்து கோழிகள் கைவிடுவதில்லை. முட்டை விற்ற காசில் உப்பும் எண்ணெயும் வருகின்றன. பிள்ளைகளின் குறிப்பேடும் எழுதுகோலும் வருகின்றன. சிற்றூர்ப் பெண்டிர் பலர்க்கு அதுவே கைமுதல். ஆதலின் கோழி வளர்த்தலை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுதல் கூடாது. நான் அவ்வாறு எண்ணினேன். அதனால் வந்த கேட்டை ஈண்டுக் கூறுவேன்.

நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தொல்காப்பிய மரபியலை மாணவர்க்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். மயில் நீங்கலாகச் சிறகுடைய ஆண் பறவைகள் சேவல் எனப்படும். அளகு என்னும் பெண்பாற் பெயர் கோழிக்கும் கூகைக்குமே உரியது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்பன பெயர். இவை யாவும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த அளகு இரவில் எங்கே உறங்கும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற ஆண்டின் தைத் திங்களில், சந்தை ஒன்றில் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் வாங்கி வந்தேன். வீட்டில் கூடு இல்லை. அண்டை வீட்டு அம்மையாரிடம் பஞ்சாரம் ஒன்றை இரவல் பெற்று அவற்றைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் காலை அவருடைய கோழிகளும் என்னுடையனவும் ஒரே குப்பைமேட்டைக் கிளறின. அக்காட்சி எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு பெட்டை சிறகு தொங்கத் தூங்கி வழிந்தது. அதன் கழிச்சல் வெண்மையும் பசுமையும் கலந்திருந்தது. மற்றொன்றின் கழுத்து முறுக்கிக்கொண்டது. ஒரு வாரத்தில் ஆறும் மாண்டன. அவற்றை நான் ஆழமின்றிப் புதைத்தேன். தெருநாய்கள் தோண்டி இழுத்துப் போயின. அடுத்த பத்து நாளில் அம்மையாரின் கோழிகள் பதினான்கனுள் பன்னிரண்டு இறந்தன. கணவரை இழந்த அவர், அக்கோழிகளைக் கொண்டே மகளின் பள்ளிச் செலவைப் பார்த்து வந்தார். நான் பணம் கொடுக்க முற்பட்டேன்; அவர் வாங்கவில்லை. "ஐயா, கோழி வாங்குமுன் கூடு கட்டியிருக்கலாம். கூடு கட்டுமுன் என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் கூறினார்.

அந்நோய் வெள்ளைக்கழிச்சல் ஆகும். 1926ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்ட அது, அடுத்த ஆண்டில் இமயமலைப் பகுதியில் உள்ள இராணிக்கேத்தில் காணப்பட்டமையால் நம் நாட்டில் இராணிக்கேத் நோய் எனவும் பெயர் பெற்றது. நச்சுயிரியால் வருவது, வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து இடுவர். எட்டாம் வாரத்தில் ஊசி போடுவர். நம் மாநிலக் கால்நடைத் துறையினர் பிப்ரவரித் திங்களில் ஊர்தோறும் இருவார முகாம் நடத்தி, புறக்கடைக் கோழிகட்கு இலவசமாக ஊசி போடுகின்றனர். அம்மையாரிடம் எஞ்சிய இரண்டு கோழிகளும் முந்தைய ஆண்டு முகாமில் ஊசி பெற்றவை. அவ்வாண்டு முகாமுக்கு இன்னும் மூன்று வாரமே இருந்தது.

பின்னர் நான் மாணவனானேன். தருமபுரியை அடுத்த குண்டல்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் உள்ளது. அங்குச் சென்று சில செய்திகளை அறிந்தேன். அம்மையாரிடம் அறிந்தவை அவற்றினும் மிகுதி.

முதலில் கூடு. மழைநீர் தேங்காத மேட்டில், புங்கமர நிழலில் இடம் தேர்ந்தோம். நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமைந்தால் வெயில் உள்ளே நேராகப் பாயாது. ஒரு கோழிக்கு ஒன்று முதல் ஒன்றரைச் சதுர அடி இடம் இரவில் தங்கப் போதும். நான்கு கல் தூண்களின் மேல், தரையினின்று இரண்டடி உயரத்தில் கூட்டை நிறுத்தினோம். கீரியும் காட்டுப்பூனையும் மரநாயும் நுழையாதபடி சிறுகண் வலை அடித்தோம். அந்தி சாயுமுன் கதவை அடைக்க மறந்தால் இவ்வளவும் வீண். ஒருநாள் மறந்தேன், விடியும் வரை உறங்கவில்லை, நல்வாய்ப்பாக ஒன்றும் நேரவில்லை.

அடுத்து இரை. கம்பும் கேழ்வரகும் நொய்யும் போதியவை. குஞ்சுகட்குக் கரையான் நல்லுணவு. உடைந்த பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் இட்டு, நீர் தெளித்து, மாலையில் நிலத்தில் கவிழ்த்து வைத்தால் காலைக்குள் கரையான் சேர்ந்துவிடும். நிலக்கடலை மிகுந்த நம் ஊரில் பூசணம் பிடித்த கடலையைக் கோழிக்கு எறிவோர் உளர்; அது நஞ்சு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தமைக்கு அத்தகைய கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர்க் கண்டறிந்தனர். தண்ணீரை ஆழமற்ற தட்டில் வைத்து, குஞ்சுகள் விழுந்து மூழ்காதபடி கூழாங்கற்களும் இடவேண்டும்.

கோழி வாங்கியது இறுதியிலேயே. இம்முறை சந்தைக்குச் செல்லவில்லை. ஊசி போட்ட சிறுவிடைப் பெட்டைகள் நான்கையும் ஒரு சேவலையும் தெரிந்த வீட்டினின்று பெற்றேன். நாமக்கல் பண்ணைகளில் உள்ள வெள்ளைக் கோழி ஆண்டிற்கு 300 முட்டை அளவில் இடும், ஆயினும் அடையமர்வதில்லை. சிறுவிடை 60 முதல் 80 வரையே இடும். ஆனால் தானே அடைகாத்துத் தானே குஞ்சுகளை வளர்க்கும். வந்தவற்றை மூன்று வாரம் வேலிக்குள் தனியே வைத்தேன். அம்மையாரின் கோழிகள் நெருங்கா வண்ணம் இரண்டாம் வேலியும் கட்டினேன். அதைக் கண்டு ஊரார் நகைத்தனர்.

ஐப்பசியில் ஒரு பெட்டை அடைக்கு வந்தது. ஒரு வாரத்திற்கு உட்பட்ட பதினொரு முட்டைகளை மணல் பரப்பிய கூடையில் வைத்தோம். இடி முழக்கத்தால் முட்டை கெடும் என்று அம்மையார் இரும்புத் துண்டும் கரித்துண்டும் உடன் வைத்தார். நாட்பட்ட முட்டையே கூமுட்டையாகும் என்று மையத்தில் கேட்டிருந்தேன். எனினும் வாய் திறக்கவில்லை. இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள் பொரிந்தன. எட்டாம் வாரத்து ஊசியும் முடிந்தபின், அவற்றுள் ஆறனை அம்மையாரின் பஞ்சாரத்தில் விட்டேன். பணத்தை வாங்காத அவர் அவற்றை வாங்கிக்கொண்டார்.