ஒரு மூட்டை சிமெண்டும் உன் வரலாற்றுப் பாடமும்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "கல்லூரியில் நிகர பூஜ்ஜியம் பற்றிக் கருத்தரங்கு நடந்தது. வரலாறு படிக்கிற எனக்கு அதில் என்ன வேலை மாமா?" என்று கேட்டிருக்கிறாய். நீ சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூரில் வளர்ந்தவள். அதனால் சிமெண்டை வைத்தே சொல்கிறேன்.

நாம் வெளிவிடும் பசுமை இல்ல வாயுக்களும் திரும்ப உறிஞ்சப்படுபவையும் சரிக்குச் சரியாவதுதான் நிகர பூஜ்ஜியம். 2070-க்குள் அதை எட்டுவோம் என்று இந்தியா 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு சிமெண்டால் வருகிறது. சூளைக்கு எரிபொருளை மாற்றினால் மட்டும் இது தீராது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டு, சிமெண்டுக்கு அடிப்படையான கிளிங்கர் ஆக்கும்போது, கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறிவிடுகிறது. பாதிக்கு மேல் அந்தக் கணக்குத்தான்.

ஆகவே கிளிங்கரைக் குறைக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான், கியூபாவின் லாஸ் வில்லாஸ், நம் டெல்லி, சென்னை ஐஐடிகள் எனப் பல இடத்து ஆய்வாளர்கள் சேர்ந்து எல்சி3 என்ற சிமெண்டை வளர்த்தெடுத்தார்கள். அதில் கிளிங்கர் பாதிதான்; மீதியில் பெரும்பகுதி சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல் பொடியும். களிமண்ணுக்கு 800 டிகிரி அளவுச் சூடு போதும். கரியமில வாயு ஏறத்தாழ 40 சதவீதம் வரை குறைகிறது.

அந்தச் சிமெண்ட் மூட்டைக்குள் எத்தனை துறைகள் இருக்கின்றன, பார். கலவை ஏன் இறுகுகிறது என்று வேதியியலார் சொல்ல வேண்டும். ஏற்ற களிமண் எங்கே கிடைக்கும் என்று நிலவியலார் காட்ட வேண்டும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்குமா என்று கட்டடப் பொறியாளர் சோதிக்க வேண்டும். மண்ணை ஏற்றிவரும் லாரிச் செலவு கட்டுமா என்று பொருளியலார் பார்க்க வேண்டும். தரவிதி இல்லாமல் அரசு ஒப்பந்தத்தில் எதுவும் நுழையாது; இந்த வகைச் சிமெண்டுக்கு இந்தியத் தர அமைவனத்தின் விதி 2023-இல்தான் வந்தது.

பல்கலைக்கழகத்துக்கும் கடமை உண்டு. அடுத்த விடுதிக் கட்டடத்தை இந்தச் சிமெண்டில் எழுப்பட்டும். மாணவர்கள் ஆண்டுதோறும் விரிசலை அளக்கட்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, எல்லோரும் பார்க்க வெளியிடட்டும்.

இனி உன் வேலை. நம் பழைய வீடுகள் பல சுண்ணாம்புக் காரையால் ஆனவை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டு அரைத்த காரையும் உண்டு. தலைமுறைகளாகக் கைப்பழக்கமான அதை விட்டு நம் ஜனங்கள் ஏன் சிமெண்டுக்கு மாறினார்கள்? விலையா, வேகமா, கௌரவமா? எந்த ஆய்வுக்கூடமும் இதற்குப் பதில் சொல்லாது. புது மூட்டையைத் தொட்டுப் பார்த்துக் கொத்தனார் தயங்கும் நாளில் அந்தப் பதில்தான் உதவும்.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனால் வயதான கொத்தனார் ஒருவரிடம் உட்கார். முதல் சிமெண்ட் மூட்டையை எப்போது பிரித்தார், யார் சொல்லி நம்பினார் என்று கேட்டு எழுதிக்கொள். பிறகு அந்த நோட்டைக் கட்டடப் பொறியியல் படிக்கும் ஒரு மாணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்.

அன்புடன்,
மாமா