காவல் நாய்க்குக் கேடு செய்யும் சமையலறை உணவுகள்

அமராவதிப் பாசனம் பெறும் கணியூர் வட்டாரத்தில் தோட்டத்துச் சாளைகளில் குடியிருப்போர், ஆட்டுப்பட்டிக்கும் களத்துக்கும் காவலாக நாய் வளர்ப்பது வழக்கம். இந்நாய்களுக்குப் பெரும்பாலும் வீட்டில் மிஞ்சிய சோறும் குழம்புமே தீனியாகும். நாம் உண்பவை எல்லாம் நாய்க்கும் ஏற்றவை என்று எண்ணுவது தவறு. கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

வெங்காயம், பூண்டு: இவற்றிலுள்ள கந்தகப் பொருள்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேக வைத்தாலும் வதக்கினாலும் நஞ்சு நீங்காது. 10 கிலோ எடையுள்ள நாய் ஒரே வேளையில் 50 கிராமுக்கு மேல் வெங்காயம் தின்றால் நஞ்சேறக்கூடும். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்தாலும் கேடுதான். சில நாள்கள் கழித்தே சோர்வு, ஈறு வெளுத்தல், சிறுநீர் செம்பழுப்பாகப் போதல் ஆகிய அறிகுறிகள் தென்படும். ஆகவே காரணம் தெரியாமல் போய்விடுகிறது.

திராட்சை, புளி: திராட்சையும் பாயசத்தில் இடும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். இதற்கு டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021-ஆம் ஆண்டு எடுத்துரைத்தனர். புளியிலும் இந்த அமிலம் மிகுதி. புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் பதிவாகியுள்ளது. எனவே புளி உலர்த்தும் களத்தில் நாயை விடாதீர்கள்.

சாக்லேட், காப்பித்தூள், தேயிலை: இவை வாந்தி, படபடப்பு, வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கும்.

சர்க்கரையில்லாச் சூயிங்கம்: இதில் சைலிட்டால் இருப்பின், அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நாய் மயங்கி விழலாம்.

வெந்த கோழி எலும்பு: கூரிய சில்லுகளாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

பூசணம் பிடித்த நிலக்கடலை, கொப்பரை: பூசண நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும்.

என்ன கொடுக்கலாம்?

சமைக்கும்போதே, தாளிப்பதற்கும் புளி கரைத்து ஊற்றுவதற்கும் முன்பாக நாயின் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். வெறும் சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் வேக வைத்த முட்டை, எலும்பு நீக்கிய இறைச்சி, பரங்கிக்காய் ஆகியவற்றைக் கலந்து கொடுக்கலாம்.

தவறித் தின்றுவிட்டால்?

உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; மிகுந்த உப்பும் நஞ்சாகும். தின்ற பொருள், அளவு, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்லுங்கள். அறிகுறி தென்படட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரவெல்லாம் விழித்திருந்து பட்டியைக் காக்கும் நாய்க்கு நாம் அன்போடு வைக்கும் உணவே நஞ்சாகிவிடக்கூடாது. இச்செய்தியை வீட்டிலுள்ள பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தவறாமல் எடுத்துச் சொல்லுங்கள்.