சிறுவர் பராமரிப்பும் பணப் பொறுப்பும்

நத்தார் காலம் வந்தால் நம் குடும்பங்களிற் பல ஏதாவதொரு சிறுவர் இல்லத்துக்கு ஒரு நேரச் சாப்பாடோ, உடுப்போ, காசோ கொடுக்கத் தவறுவதில்லை. பிறந்த நாளிலும், இறந்தோரின் ஆண்டு நினைவிலும் அவ்வாறே செய்கின்றோம். கொடுத்த பின்னர் அப்பணத்தை நடத்துபவர் யார், அவர் எதைக் கணக்கிட்டு எதைத் தீர்மானிக்கிறார் என்று நாம் கேட்பது குறைவு. இது கணக்கரை மட்டும் சார்ந்த கேள்வியன்று. ஒரு பிள்ளை தன் தாயின் வீட்டில் உறங்குமா, இல்லத்துக் கட்டிலில் உறங்குமா என்பதையும் சில வேளைகளில் பணமே தீர்மானித்து விடுகின்றது. ஆதலால் இதனைச் சற்று ஒழுங்காக ஆராய்வோம்.

1. பொறுப்பு யாருடையது?

பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிய பிள்ளையைக் குறித்து நீதிமன்றம் கட்டளையிடுவதற்கு 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் வழி செய்கின்றது. இல்லங்களைப் பதிவு செய்வதும் மேற்பார்வை செய்வதும் பற்றிக் கூறுவது 1941ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாண சபைகளுக்கும் பகிரப்பட்டன. ஆகவே மாகாண ஆணையாளர் ஒருவரும் அவரின் கீழ் நன்னடத்தை உத்தியோகத்தர்களும் உள்ளனர். பிரதேச செயலகங்களில் மத்திய திணைக்களத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்களும் பணி செய்கின்றனர்.

எனினும் இல்லங்களில் மிகப் பல தொண்டர் இல்லங்களே. துறவற சபைகளும் ஏனைய சமய, தரும நிறுவனங்களும் அவற்றை நடத்துகின்றன. எனவே மேற்பார்வையில் இரு படிகள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர் திணைக்களத்தார். உள்ளிருந்து பொறுப்பேற்பவர் இல்லத்தின் முகாமையாளரும் முகாமைக் குழுவினரும். ஒருவர் கவனக் குறைவாயிருந்தால் மற்றவரின் கவனம் மட்டும் போதாது.

2. பணம் வரும் வழிகள்

தொண்டர் இல்லம் ஒன்றுக்குப் பணம் பொதுவாக மூன்று வழிகளில் வருகின்றது. முதலாவது, பிள்ளைகளின் தொகைக்கேற்ப அரசு கொடுக்கும் தலைவீத மானியம். இரண்டாவது, எதற்கென்று குறிப்பிடாது மக்கள் கொடுக்கும் பொது நன்கொடை. மூன்றாவது, இன்னதற்கென்று குறித்துக் கொடுக்கப்படும் நன்கொடை. ஒரு பிள்ளையின் படிப்புக்கென்றோ, கூரை திருத்தத்துக்கென்றோ வருவது இவ்வகை.

இவை மூன்றும் ஒரே பெட்டியில் விழுந்தாலும் ஒரே தன்மையுடையன அல்ல. கூரைக்கு வந்த பணத்தை அரிசிக்குச் செலவிட்டால், நோக்கம் நல்லதெனினும், அது நம்பிக்கைக் கேடே. அவ்வாறு செய்வது அவசியமானால், கொடுத்தவரின் சம்மதத்தை முன்னதாகவே பெற்று எழுத்தில் வைத்தல் வேண்டும்.

3. நல்ல மேற்பார்வையாளர் செய்பவை

முதலாவது, ஆண்டு தொடங்குமுன் பாதீடு ஒன்றைத் தயாரிக்கின்றார். பாடசாலை தொடங்கும் மாதத்தில் செலவு கூடும். நன்கொடையோ நத்தாரை ஒட்டியே கூடும். ஆகவே மாதவாரியாகப் பிரித்துப் பார்க்கின்றார்.

இரண்டாவது, பணத்தைப் பெறுபவர், பதிபவர், செலவை அனுமதிப்பவர் ஆகிய மூவரும் ஒரே ஆளாயிராதபடி பார்த்துக்கொள்கின்றார். இது யார்மீதும் சந்தேகங் கொள்வதன்று. நேர்மையானவரையும் வீண்பழியிலிருந்து காப்பதாகும்.

மூன்றாவது, ஒவ்வொரு வரவுக்கும் பற்றுச்சீட்டும் ஒவ்வொரு செலவுக்கும் உறுதிச்சீட்டும் வைத்து, காசேட்டை மாதந்தோறும் வங்கிக் கூற்றுடன் ஒப்பிடுகின்றார். பொருளாக வரும் அரிசி, பால்மா, துணி என்பவற்றையும் பதிவேட்டில் எழுதுகின்றார்.

நான்காவது, மானியம் பிந்தினால் பிள்ளைகளின் சாப்பாடு தடைப்படாதிருக்க இரண்டு மூன்று மாதச் செலவுக்கான சேமநிதியை ஒதுக்குகின்றார்.

ஐந்தாவது, கணக்கையும் பிள்ளையின் கோவையையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றார். இப்பிள்ளை ஏன் இங்கே இருக்கின்றது, இன்னும் இருக்க வேண்டுமா என்று கேட்கின்றார். முன்னைய நான்கும் ஒழுங்காயிருந்து இந்த ஐந்தாவது இல்லாவிடில் கணக்குச் சரியாயிருக்கும். பிள்ளையின் வாழ்வு பிழைத்துப் போகும்.

4. தலைக்கணக்கின் சோதனை

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். இத்தொகைகள் கணக்கின் இலகுவுக்காக எடுத்தவை. ஓர் இல்லத்தில் 20 பிள்ளைகள். வேலையாட் சம்பளம், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு என மாறாத செலவு மாதம் 3,00,000 ரூபா. உணவு, உடை, படிப்புக்கு ஒரு பிள்ளைக்கு 9,000 ரூபாவாக 1,80,000 ரூபா. மொத்தம் 4,80,000 ரூபா. ஒரு பிள்ளைக்கு 24,000 ரூபா விழுகின்றது.

இனி ஐந்து பிள்ளைகள் வீடு திரும்புகின்றனர் என்போம். செலவில் குறைவது 45,000 ரூபா மட்டுமே. ஆனால் மானியமும் பிள்ளையின் பேரால் வரும் உதவியும் சேர்ந்து ஒருவருக்கு 20,000 ரூபாவாயின், வருமானத்தில் 1,00,000 ரூபா குறைந்துவிடும். ஐந்து குடும்பங்கள் ஒன்றுசேர்ந்த நற்செய்தி, இல்லத்தின் கணக்கில் 55,000 ரூபா நட்டமாக எழுதப்படுகின்றது!

இங்கேதான் சோதனை வருகின்றது. எவரும் தீய எண்ணங் கொள்ளாமலே, 'இந்த வருடம் இருக்கட்டும், சோதனை முடியட்டும்' என்று பிள்ளையின் பயணம் பிற்போடப்படலாம். குற்றம் ஆளிடத்திலன்றிப் பணம் கட்டப்பட்ட விதத்திலேயே இருக்கின்றது.

5. பிற நாட்டுப் பாடம்

இச்சோதனை நமக்கு மட்டுமுரியதன்று. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கப்படும் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை மத்திய அரசு உச்ச வரம்பின்றிக் கொடுத்தது. பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் குடும்பத்தைத் தாங்கும் சேவைகளுக்கோ வரையறுத்த தொகையே கிடைத்தது. பிரித்தால் பணம் வரும், சேர்த்து வைத்தால் வராது என்ற நிலை பல்லாண்டு நிலவியது. 2018ஆம் ஆண்டிலேயே, பிரிவைத் தடுக்கும் சில சேவைகளுக்கும் அப்பணத்தைப் பயன்படுத்தப் புதிய சட்டம் இடமளித்தது. விடுதிகளில் பிள்ளைகளை வைப்பதற்கான கொடுப்பனவுக்கும் அச்சட்டமே கட்டுப்பாடு விதித்தது.

இலங்கை 1991ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, பராமரிப்பில் வைக்கப்பட்ட பிள்ளையின் நிலை காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யப்பட வேண்டுமென்கின்றது. 2009ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்களும், வறுமையை மட்டும் காரணங்காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரித்தலாகாது என்கின்றன.

6. நாம் செய்யக் கூடியவை

வீட்டில் ஆபத்துள்ள பிள்ளைக்கும், வேறு புகலிடமில்லாத பிள்ளைக்கும் இல்லங்கள் தேவையே. அவற்றைத் தாங்குவது நம் கடமை. ஆனால் தாங்கும் விதத்தை மாற்றலாம். பிள்ளையின் தலையை எண்ணிக் கொடாது, மாறாத செலவில் ஒரு பங்கைப் பொதுவாக ஏற்போமாயின், பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப இல்லம் அஞ்ச வேண்டியதில்லை. முகாமைக் குழுவில் இருப்போர், வீடு திரும்பும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் உதவ ஒரு சிறு நிதியைப் பாதீட்டில் சேர்க்கலாம். புத்தகமும் பேருந்துக் காசும் இல்லாததால் மட்டும் இல்லத்தில் விடப்படும் பிள்ளைக்கு, அதே உதவி வீட்டிலே கிடைத்தால் போதுமல்லவா? வீடு தேடிச் சென்று உதவுவதை வழக்கமாகக் கொண்ட வின்சென்ட் டி போல் சபையார் நம் பங்குகளில் இதற்கு நல்ல துணையாவர்.

கணக்கைக் காட்டும்படி கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டாம். நன்றாக நடத்துபவர் மகிழ்வுடனே காட்டுவார். அப்போது மீதித் தொகையைப் பார்ப்பதோடு நின்றுவிடாது, 'இவ்வாண்டு எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினர்?' என்பதையும் கேளுங்கள்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

அ. சென்ற ஆண்டு நம் குடும்பம் சிறுவர் இல்லத்துக்குக் கொடுத்தது எவ்வகை நன்கொடை? அது இல்லத்தின் எத்தேவைக்கு உதவியது?

ஆ. நம் அயலில் வறுமையால் மட்டும் பிள்ளையை இல்லத்தில் விட எண்ணும் தாய் ஒருத்தி உண்டா? அவளுக்கு மாதம் எவ்வளவு இருந்தால் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பாள்?

இ. நம் பங்கில் நடைபெறும் தருமப் பணிகளில் பணத்தைப் பெறுபவரும், பதிபவரும், அனுமதிப்பவரும் வெவ்வேறு ஆட்களா?