வீடு வாங்குவோர் முன் பத்திரங்களைப் பெற வேண்டுமா?

ஐக்கிய நாணய சங்கத்தில் வீட்டு ஈட்டின்பேரில் கடன் கோரும் அங்கத்தினர் சிலர், தம் பெயரிலுள்ள கிரயப் பத்திரம் ஒன்றையே கொண்டுவருகின்றனர். விற்றவருக்கு அவ்வீடு எவ்வாறு வந்தது என வினவினால் விடை கூற இயலாமல் திகைக்கின்றனர். விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வாராது. ஆகையால் முன் பத்திரங்களே உரிமைக்கு வேராகும்.

1882-ஆம் வருஷத்திய சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவின்படி, வேறு உடன்படிக்கை இல்லாவிடில், கிரயத்தொகை முழுவதும் பெற்றவர் தம்மிடமுள்ள அசல் பத்திரங்களை வாங்குபவரிடம் ஒப்புவிக்க வேண்டும். சொத்தில் ஒரு பாகத்தை மட்டும் விற்பவர் அசலைத் தாமே வைத்துக்கொள்ளலாம். அப்பொழுது வாங்குபவர் தம் செலவில் உண்மை நகல் கேட்டுப் பெறலாம். பதிவான கிரயப் பத்திரத்தின் அத்தாட்சி நகல், கட்டணம் செலுத்தினால், சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸிலும் கிடைக்கும்.

நகல் இருக்க அசல் எதற்கு எனலாம். சர்க்கார் அறிவித்த நகரங்களில் அசல் பத்திரங்களை ஒப்படைத்தே அடமானம் செய்ய அச்சட்டத்தின் 58-வது பிரிவு இடந்தருகிறது. நகரத்தில் செய்த ஒப்படைப்பு கிராமத்து வீட்டையும் பற்றும். எழுத்தின்றிச் செய்யப்பட்டால் அது வில்லங்க சர்டிபிகேட்டில் தோன்றாமலும் போகலாம். எனவே முழு வீட்டையும் விற்பவர் நகலை மட்டும் காட்டினால், அசல் யாரிடம் உள்ளது என விசாரித்தறிக.

அங்கத்தினர்களே! முன்பணம் கொடுக்குமுன் அசலைக் கண்ணால் காணுங்கள். தொகை தீர்க்கும் நாளில் அதைக் கைப்பற்றுங்கள். பாகம் வாங்கினால் நகல் பெற்று, வேண்டும்போது அசலைக் காட்டுவதாகக் கிரயப் பத்திரத்திலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். நகலுக்காகும் செலவு சிறிது. வீடோ ஆயுட்காலச் சேமிப்பு.