மின்னஞ்சலைத் தரம் பிரிக்கும் முறை

புது தில்லி லோதி சாலையிலுள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை, கனமழை எச்சரிக்கைகளை மின்னஞ்சல் வாயிலாகவும் அனுப்புகிறது. அத்தகைய கடிதமொன்று விளம்பரங்களுக்கிடையே மறைந்துபோனால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆகவே, முக்கியக் கடிதங்களைத் தாமே பிரித்து வைக்கும் கருவிகள் இயங்கும் விதத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

இக்கருவிகள் இருவகைப்படும். முதல் வகை, விதிப்படி இயங்குவது. 1972-இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டெண் 11 எனத் தொடங்கினால், அக்கடிதம் தில்லிக்குரியது. இதில் ஐயத்திற்கு இடமில்லை. அதுபோலவே, ‘இம்முகவரியிலிருந்து வருவதை மேலே வை’ என்று மின்னஞ்சலுக்கும் விதி வகுக்கலாம்.

இரண்டாம் வகை, நம் பழக்கத்திலிருந்து கற்பது. 2010-இல் கூகுள் நிறுவனம் ஜிமெயிலில் அமைத்த முறை இத்தகையது. எவருடைய கடிதங்களைத் திறக்கிறோம், எவருக்கு மறுமொழி எழுதுகிறோம் என்பன போன்றவற்றைக் கணக்கிட்டு, புதிய கடிதம் முக்கியமானதாக இருக்கக்கூடிய நிகழ்தகவை அது மதிப்பிடுகிறது. அம்மதிப்பு குறித்த எல்லையைக் கடந்தால், கடிதம் மேலே வைக்கப்படும்.

குறையும் இங்கேயே உள்ளது. கருவி அறிவது நம் பழக்கத்தையே. செய்தியின் அவசரத்தை அன்று. அரிதாக வரும் எச்சரிக்கைக்கு முன்பழக்கம் இராது. எனவே, அது கீழே தள்ளப்படலாம்.

களப்பணியாளர் செய்யத்தக்கவை:

1. எச்சரிக்கை அனுப்பும் அலுவலகங்களுக்குத் தனி விதி வகுத்தல்.
2. ஒதுக்கப்பட்ட கடிதங்களை நாள்தோறும் ஒருமுறை பார்வையிடுதல்.
3. தவறாகப் பிரிக்கப்பட்டவற்றைத் திருத்திக் குறித்தல். கருவி அதனின்றும் கற்கும்.

பயிற்சி: மாணவர்கள் இருபது அஞ்சலட்டைகளை முதலில் குறியீட்டெண்படியும், பின்னர் முக்கியத்துவப்படியும் பிரிக்கட்டும். இரண்டாவதில் கருத்து வேறுபாடு எழுவது ஏன் என ஆராய்க.